முலாம்பழம், இரண்டு மிளகு, இரண்டு தனியா: மாடியில் ஒரு வியாழன்

[காட்சி: வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மொட்டை மாடி, இரவு. பைனாகுலர் வழியாக ஒரு வெளிச்ச வட்டம், அதை ஒட்டி நான்கு புள்ளிகள்.]

வணக்கம். இதுதான் வியாழன். கம்பியில் கோத்த மணி மாதிரி பக்கத்தில் நிற்பவை அதன் பெரிய நிலாக்கள்: அயோ, யூரோப்பா, கனிமீடு, காலிஸ்ட்டோ. 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்ததும் இந்த வரிசையைத்தான். உண்மையில் அங்கே வரிசை எதுவும் கிடையாது. எது கிட்டே, எது தூரத்தில் என்று இவ்வளவு தொலைவிலிருந்து கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதை மாடியிலேயே செய்து பார்த்துவிடலாம்.

[காட்சி: தரையில் சாக்பீஸ், நூல், ஒரு முலாம்பழம்.]

அளவு, 10,000 கிலோமீட்டருக்கு 1 சென்டிமீட்டர். வியாழனின் குறுக்களவு சுமார் 1,43,000 கிலோமீட்டர். 14 சென்டிமீட்டர் பழம் வேண்டும். பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றிவிடுகிற வேகத்தில் அதன் இடுப்பு பிதுங்கியிருக்கும். அதனால் நேதாஜி மார்க்கெட்டில் மேலும் கீழும் அமுங்கிய பழமாகத் தேடினேன். "அது வேணாம்பா, நல்லதா எடுத்துக்கோ" என்றார் கடைக்காரர். விளக்கப் போனால் விடிந்துவிடும் என்று சிரித்துவிட்டு வந்தேன்.

நிலாக்களுக்கு அஞ்சறைப் பெட்டி போதும். கனிமீடுக்கும் காலிஸ்ட்டோவுக்கும் மிளகு, அயோவுக்கும் யூரோப்பாவுக்கும் தனியா. இருட்டில் மிளகு தெரியாது, சுண்ணாம்பு தடவிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் ஈர்க்குச்சி நுனியில் ஒட்டி, பழத்தின் நடு உயரத்துக்கு வருமாறு களிமண்ணில் நட்டுவிடுங்கள். பழத்தின் மையத்திலிருந்து அயோ 42 சென்டிமீட்டர், யூரோப்பா 67, கனிமீடு 107, காலிஸ்ட்டோ 188. நூல் பிடித்து நான்கு வட்டம் போட்டால் மாடி நிறைந்துவிடும்.

இதே அளவில் பூமி ஒரு கோலிக்குண்டு. நம் நிலா அதிலிருந்து 38 சென்டிமீட்டர், ஏறக்குறைய அயோவின் தூரம். ஆனால் நம் நிலா சுற்றிவர 27 நாள், அயோவுக்கு 42 மணி நேரம். வியாழனின் நிறை பூமியைப் போல 318 மடங்கு, அந்த இழுவைக்கு அயோ ஓடித்தான் ஆக வேண்டும்.

சரி, இப்போது குப்புறப் படுத்து, கண்ணைப் பழத்தின் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். வட்டங்கள் காணாமல் போய் ஒரே கோடு மிஞ்சுகிறதா? பைனாகுலரில் பார்த்தது இதுதான். பழத்தை ஒட்டித் தெரிகிற மிளகு நிஜத்தில் ஒரு மீட்டர் பின்னால் நிற்கலாம். வியாழன் 3 டிகிரி சாய்ந்திருப்பதால் கோடு முழுக்க நேராகவும் இருக்காது. காலிஸ்ட்டோவின் வட்டம் பெரியது. அந்தச் சின்னச் சாய்வே அதை 10 சென்டிமீட்டர் வரை தூக்கிவிடும். பழத்தில் பாதி உயரம் 7 சென்டிமீட்டர்கூட இல்லை. அதனால் சில வருடங்களில் காலிஸ்ட்டோ வியாழனுக்குப் பின்னால் மறையாமல் மேலேயோ கீழேயோ போய்விடுகிறது.

[காட்சி: மூன்று மீட்டர் தள்ளி, பழத்தின் மட்டத்தில் ஒரு டார்ச். மற்ற விளக்குகள் அணைகின்றன.]

எனக்குப் பிடித்த இடம் இது. டார்ச்தான் சூரியன். நான் அதிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். அக்கா மகள் கனிமீடு மிளகைப் பழத்துக்குப் பின்பக்கமாக மெல்ல நகர்த்துகிறாள். பாருங்கள், பழத்தைத் தொடுவதற்கு முன்பே, காலி இடத்தில் மிளகு அணைந்துவிட்டது! பழத்தின் நிழல் பின்னால் சாய்வாக நீண்டு கிடக்கிறது. மிளகு அதில் நுழைந்துவிட்டது. டெலஸ்கோப்பிலும் நிலா இப்படித்தான், வியாழனுக்குச் சற்றுத் தள்ளிச் சட்டென்று மறையும். வானத்தில் ஆழத்தைக் கண்ணால் பார்ப்பது என்றால் இதுதான்.

நம்ம ஊர்ப் பக்கமும் இந்த விளையாட்டில் உண்டு. 1972 ஜூன் 7 அன்று கனிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. அதைப் பார்த்த இரண்டு இடங்களில் ஒன்று ஜாவா, இன்னொன்று ஜவ்வாது மலையில் வானாய்வகம் இருக்கிற காவலூர். இன்று திருப்பத்தூர் மாவட்டம், அன்று வட ஆற்காடு. கனிமீடில் மெல்லிய காற்று இருப்பதாக அந்தப் பதிவை வைத்துச் சொன்னார்கள். 1979இல் வாயேஜர் 1 விண்கலம் போய்ப் பார்த்தபோது, இருந்தாலும் அதைவிட மிக மிகக் குறைவு என்று தெரிந்தது. அப்புறம் ஹபிள் விண்வெளி டெலஸ்கோப் அங்கே கொஞ்சம் ஆக்சிஜனைக் கண்டது.

இனி பைனாகுலரில் மூன்று புள்ளிதான் தெரிகிறது என்றால் லென்ஸைத் துடைக்க வேண்டாம். நான்காவது வியாழனுக்கு முன்னால் இருக்கும், பின்னால் இருக்கும், இல்லை நிழலுக்குள் இருக்கும்.