கம்ப்யூட்டர் மாறும், விரல் மாறணுமே!

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. பத்து வருஷம் ஓடிய இயங்குதளம். கேட்டுப் பதிவு செய்துகொண்ட தனிநபர்களுக்கு மேற்கொண்டு ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், அவ்வளவுதான். சரி, விண்டோஸ் 11-க்குப் போவோம் என்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும், இன்டெல் செயலி என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும் என்று நிபந்தனை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ பழைய கம்ப்யூட்டர்கள் அந்த வாசலிலேயே நின்றுவிட்டன.

மதுரையில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதும் டி.டி.பி. வேலை செய்து கொடுப்பதும் என் பிழைப்பு. அந்தத் தேதி நெருங்கியதிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "அண்ணே, பேசாம ஆப்பிள் வாங்கிரவா? இல்ல, லினக்ஸ்னு ஒண்ணு சொல்றாங்களே, அதப் போட்டுப் பாக்கவா?"

லினக்ஸ் என்பதும் விண்டோஸ் போல ஓர் இயங்குதளம்தான், இலவசமாகக் கிடைக்கும். எது ஒசத்தி என்ற கேள்விக்கு நான் இப்போதெல்லாம் பதில் சொல்வதில்லை. மூன்றுமே நல்ல சரக்குதான். நான் திருப்பிக் கேட்பது இரண்டு. உங்கள் ஃபைல் எல்லாம் எந்த வடிவில் கிடக்கிறது? உங்கள் விரல் எதில் பழகியிருக்கிறது? கட்சி மாறியவர்கள் அங்கேயே நிலைப்பதும், போன வேகத்தில் திரும்பி வருவதும் பெரும்பாலும் இந்த இரண்டைப் பொறுத்துத்தான். விலை, வேகம், பேட்டரி எல்லாம் அதற்கு அப்புறம்.

விரலை முதலில் எடுத்துக்கொள்வோம். கல்யாண ஆல்பம் செய்கிற போட்டோகிராஃபர் ஒருவர், காலமெல்லாம் விண்டோஸில் வேலை பார்த்தவர், ஆப்பிளின் மேக்புக் மடிக்கணினி வாங்கினார். திரையைப் பார்த்த மாத்திரத்தில் ஆள் விழுந்துவிட்டார். முகூர்த்தப் புடவையில் அரக்கு வேறு, மெரூன் வேறு என்று தெரிகிறதாம். ஆனால் வாங்கிய புதிதில் எனக்கு ஓயாமல் போன். "தம்பி, ஃபைல் மேல வச்சு என்டர் தட்டுனா தொறக்க மாட்டேங்குது, பேர மாத்துங்கிது!" ஆமாம், மேக்கில் என்டர் தட்டினால் பெயர் மாற்றத்தான் போகும். திறப்பதற்குக் கமாண்டையும் 'ஓ'வையும் சேர்த்துத் தட்ட வேண்டும். விண்டோஸில் இடது சுண்டு விரல் ஓரத்துக்குப் போய்க் கண்ட்ரோலை அழுத்தும். மேக்கில் கட்டை விரல் மடங்கிக் கமாண்டை அழுத்த வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆல்பத்துக்கு ஒரு நாளில் ஆயிரம் தடவை வெட்டி ஒட்டுகிறவருக்கு அது சின்ன விஷயமில்லை.

இன்னொன்று, சிவப்புப் பொட்டு. மேக்கில் ஜன்னலின் இடது மூலையில் இருக்கும் அதை அழுத்தினால் ஜன்னல் மூடும். ஆனால் பல மென்பொருள்கள் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும். இவர் பெரிய பெரிய மென்பொருள்களைத் திறந்து, பொட்டை அழுத்தி, மூடிவிட்டதாக நம்பி, "புது மிஷினு இப்படிச் சூடாகுதே" என்று தூக்கிக்கொண்டு வந்தார். கீழே வரிசையாக இருக்கும் படங்களுக்கு அடியில் குட்டிக் குட்டிப் புள்ளிகள். அத்தனையும் திறந்து கிடக்கிற மென்பொருள்கள்.

பிறகு ஹார்டு டிஸ்க். கூட்டாளி கொண்டு வந்த டிஸ்க்கில் இருக்கும் படங்களை மேக் அழகாகக் காட்டுகிறது, ஆனால் அதில் ஒரு படத்தைக்கூட எழுத மாட்டேன் என்கிறது. காரணம், விண்டோஸ்காரர்களின் டிஸ்க் என்.டி.எஃப்.எஸ். என்ற முறையில் தயாரானது. மேக் அதைப் படிக்கும், தானாக எழுதாது. இரண்டு பக்கமும் புழங்கக்கூடிய டிஸ்க் வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்பதை நான் எப்போதும் இரண்டு முறை சொல்வேன். இன்று அவர் மேக்கை விட்டு வர மாட்டார். என் கடையில் விண்டோஸ் முன்னால் உட்கார்ந்தால் அவர் கட்டை விரல் ஆல்ட் பொத்தான் மேல் போய் நிற்கிறது.

விரல் எப்படியோ பழகிவிடும் என்பது என் அனுபவம். ஃபைல் பழகாது. அதிலும் தமிழில் வேலை பார்க்கிறவர்களுக்கு இருக்கிற சிக்கல் இங்கிலீஷ்காரர்களுக்குக் கிடையாது.

எங்கள் பக்கத்துப் பத்திர எழுத்தர் ஒருவர். கிரையம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை என்று வருஷக்கணக்கில் அடித்த பத்திரங்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கின்றன, எல்லாமே பாமினி எழுத்துருவில். டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர், கீபோர்டைப் பார்க்காமல் அடிப்பார். அவருடைய கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-க்குத் தேறவில்லை. புதிது வாங்க மனசில்லை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். பழைய ஃபைல் ஒன்றைத் திறந்தார். திரை முழுக்க ஆங்கிலக் குப்பை.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் 'தமிழ்' என்று அடித்தால் கம்ப்யூட்டருக்குள் போய் உட்காருவது தமிழே இல்லை. ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்து, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. இதுதான் உள்ளே இருக்கும். அதற்கு மேல் போர்த்திய தமிழ் வேஷம்தான் எழுத்துரு. எழுத்துரு இல்லாத இடத்தில் வேஷம் கலைந்துவிடும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு என்ற குறியீட்டு முறை வந்த பிறகு தமிழுக்கென்று தனிக் குறிகள் வந்தன. 2000-ஆம் ஆண்டு விண்டோஸிலேயே லதா எழுத்துருவோடு அந்த வசதி வந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த எக்ஸ்.பி.யில்கூட அமைப்புகளுக்குள் போய் ஒரு கட்டத்தில் டிக் அடித்து, சிடியைப் போட்டால்தான் அது வேலை செய்யும். யார் மெனக்கெடுவார்கள்? டி.டி.பி.காரர்கள் பாமினியிலேயே இருந்துவிட்டோம். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான ஏழு, 2001-இல் வந்தது. இன்றும் சில அச்சகங்களில் அது ஓடுகிறது என்றால் பழைய அழைப்பிதழ்கள் எல்லாம் அதில் மாட்டிக்கொண்டிருப்பதுதான் காரணம்.

எழுத்தருடைய பத்திரங்களைத் தற்காலிகமாகப் பார்ப்பதற்குப் பாமினியை லினக்ஸிலும் நிறுவிவிடலாம். நிறுவினேன். ஆனால் நெடுநாளைக்கு அது சரிவராது என்பதால் எழுத்துரு மாற்றி என்ற மென்பொருளில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்தோம். அங்கேயும் வேடிக்கை. சொத்து விவரத்தில் சர்வே எண்ணோடு ஆங்கில 'பி' (B) என்ற உட்பிரிவு இருக்குமல்லவா? மாற்றிக்கு அது ஆங்கிலம் என்று தெரியாது. பாமினியில் பெரிய 'பி' (B) என்றால் 'டீ'. ஆக, மூன்று பி என்ற உட்பிரிவு 'மூன்று டீ' ஆகிவிட்டது. "தம்பி, நான்குமால் சொல்ற எடத்துல டீக்கடையக் கொண்டாந்து வச்சிருக்கு பாருங்க" என்றார். நான்குமால் என்றால் சொத்தின் நான்கு எல்லைகள். சிரித்தாலும், பத்திரத்தில் இது விளையாட்டில்லை. ஒவ்வொன்றையும் தாய்ப்பத்திரத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டியிருந்தது.

கீபோர்டு விஷயத்தில் அவருக்கு அதிர்ஷ்டம். லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளோடு எம்17என் என்ற தொகுப்பைச் சேர்த்துக்கொண்டால் டைப்ரைட்டர் முறை, தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை, இலங்கையில் புழங்கும் ரெங்கநாதன் முறை என எல்லாமே இருக்கின்றன. காசு கிடையாது. ஆப்பிளிலும் முரசு அஞ்சல், தமிழ்99 இரண்டும் கூடவே வருகின்றன. இருந்தும் எழுத்தருக்கு ஒரு வருத்தம் தீரவில்லை. பாமினியில் 'கொ' என்பது மூன்று தட்டு: கொம்பு, ககரம், கால். கடைசியில் பேக்ஸ்பேஸ் ஒரு தட்டுத் தட்டினால் கால் மட்டும் போய் 'கெ' நிற்கும். யூனிகோடில் அந்தக் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறி. அழித்தால் இரண்டும் ஒன்றாகப் போய் 'க' மட்டும் மிஞ்சும். "கால எடுத்தா கொம்பையும் சேத்துப் புடுங்கிருதே" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் ஒன்று. பழைய பத்திரம் எதிலாவது ஓர் ஊர்ப் பெயரைத் தேட வேண்டுமென்றால் முன்பு ஃபைல் ஃபைலாகத் திறந்து பார்ப்பார். இப்போது பெயரைத் தட்டினால் எல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. அதற்கு லினக்ஸைப் புகழ்கிறார். உண்மையில் புகழ் யூனிகோடுக்குச் சேர வேண்டியது. விண்டோஸிலேயே இருந்துகொண்டு மாற்றியிருந்தாலும் அது நடந்திருக்கும்.

இதெல்லாம் சொல்லும்போது சிலருக்குக் கோபம் வரும். ஆப்பிள்காரர், விண்டோஸ்காரர், லினக்ஸ்காரர் என்று சாதிபோல ஆகிவிட்டது. அந்தக் கம்பெனிகளுக்கே இவ்வளவு ரோஷம் கிடையாது. 1988-இல் ஆப்பிள், தன் திரைத் தோற்றத்தைக் காப்பியடித்ததாக மைக்ரோசாஃப்ட் மேல் வழக்குப் போட்டது, தோற்றது. 1997 ஆகஸ்டில் பாஸ்டன் நகரத்து மேக்வேர்ல்டு மாநாட்டு மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் என்ன அறிவித்தார்? மைக்ரோசாஃப்ட் ஆப்பிளில் 15 கோடி டாலர் முதலீடு செய்கிறது என்று. பின்னால் பிரம்மாண்டமான திரையில் பில் கேட்ஸ் முகம். கூடியிருந்த ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். முதலாளிகள் கைகுலுக்கிவிட்டார்கள், ரசிகர்களால்தான் தாங்க முடியவில்லை.

2006 முதல் 2009 வரை ஆப்பிள் ஒரு விளம்பர வரிசை போட்டது. ஒருவர் "நான் மேக்" என்பார், கோட்டுப் போட்ட இன்னொருவர் "நான் பிசி" என்பார். மேக்காக வந்தவர் ஜஸ்டின் லாங் என்ற நடிகர். அதே மனிதர் 2021-இல் இன்டெல் விளம்பரத்தில் தோன்றிப் பிசியைப் பாராட்டினார். ஆப்பிளே தன் கம்ப்யூட்டரின் மூளையை மூன்று தடவை மாற்றியிருக்கிறது: 1994-இல் பவர்பிசி, 2006-இல் இன்டெல், 2020-இல் தன் சொந்தச் செயலி எம்1. இன்டெல் காலத்தில் மேக்கிலேயே விண்டோஸையும் நிறுவ பூட் கேம்ப் என்று ஒரு வசதி இருந்தது. எம்1-இல் அது இல்லை. மேக்கை வாங்கி அதில் விண்டோஸும் ஓட்டிக்கொள்ளலாம் என்று பழைய ஞாபகத்தில் கணக்குப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆடிட்டர்களையும் கணக்கு எழுதுகிறவர்களையும் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. டேலி ஓடுவது விண்டோஸில். டிஜிட்டல் கையொப்பம் போடுகிற யு.எஸ்.பி. டோக்கன்களின் மென்பொருளும், நான் பார்த்தவரை, விண்டோஸை மனதில் வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் அங்கேயே இருப்பதுதான் புத்தி.

ஓர் ஊரே மாறிய கதைகளும் உண்டு. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் விண்டோஸை விட்டு லினக்ஸுக்குப் போவதென்று முடிவெடுத்தது. சும்மா இல்லை, மைக்ரோசாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மரே நேரில் வந்து மேயரிடம் பேசிப் பார்த்தார். 2013 வாக்கில் ஏறத்தாழ 15,000 கம்ப்யூட்டர்கள் மாறியிருந்தன. 2017-இல் அதே நகராட்சி மறுபடி விண்டோஸுக்கே திரும்புவதென்று தீர்மானம் போட்டது. அரசியலும் இருந்தது, வெளியிலிருந்து வருகிற ஆவணங்களோடும் தனித்தனித் துறை மென்பொருள்களோடும் ஒத்துப்போகாத தொல்லையும் இருந்தது.

இந்தப் பக்கம் கேரளத்தைப் பாருங்கள். அரசுப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடம் முழுக்க லினக்ஸில்தான். பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வும் அதில்தான். அது நிலைத்துவிட்டது. நான் என்ன நினைக்கிறேன் என்றால், அந்தப் பிள்ளைகளுக்கு மறப்பதற்கு எதுவும் இல்லை. முதன்முதலில் தொட்டதே அது. பாடப்புத்தகத்தில் இருக்கும் படமும் திரையில் தெரிவதும் ஒன்று. நம் மாநிலத்தில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த மிஷின்களிலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, தமிழ் வசதியெல்லாம் உண்டு. ஆனால் என் மேஜைக்கு வந்த மடிக்கணினிகளில் அந்தப் பக்கம் திறக்கப்பட்ட அடையாளமே பெரும்பாலும் இருக்காது. பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன? ஒரு வீட்டுப்பாடமாவது அதில் செய்யச் சொல்லியிருந்தால் திறந்திருப்பார்கள்.

மாற வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு நான் சொல்கிற வரிசை இதுதான். கம்ப்யூட்டரை மாற்றுவதற்கு முன்னால், இருக்கிற கம்ப்யூட்டரிலேயே மென்பொருளை மாற்றுங்கள். ஆவணம் அடிக்க லிப்ரே ஆஃபீஸ், இணையம் பார்க்க ஃபயர்ஃபாக்ஸ், படம் பார்க்க வி.எல்.சி., இந்த மூன்றும் விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் கிடைக்கின்றன. ஒரு மாசம் அவற்றிலேயே வேலை பாருங்கள். தமிழ் ஃபைல்கள் பழைய எழுத்துருவில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றுங்கள், மூலத்தை அழிக்காமல். இவ்வளவும் முடிந்த பிறகு அடியில் ஓடுவது எது என்பது உங்களுக்குப் பெரிதாக உறைக்காது.

லினக்ஸ் என்றால் நிறுவுவதற்கு முன்பே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வன்தட்டில் கை வைக்காது. ஆனால் மறக்காமல், திரையில் தெரியும் 'நிறுவு' என்ற படத்தை மட்டும் தொடாதீர்கள். அப்படி ஓடும்போதே வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் ஒரு தாளாவது அடிக்கிறதா, சத்தம் வருகிறதா என்று பாருங்கள். பேங்க் இணையதளத்தையும் திறந்து பாருங்கள். மேக் என்றால் வாங்குவதற்கு முன் கடையிலேயே அரை மணி நேரம் நின்று, உங்கள் பென் டிரைவில் இருக்கும் சொந்த ஃபைல் ஒன்றைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கொடுப்பது உங்கள் காசு.

நன்றி, வணக்கம்.