நடுவில் நின்ற குரல்

அவையோருக்கு வணக்கம்.

கடலூரிலிருந்து பஸ்ஸில்தான் புதுச்சேரி வந்தேன். அரியாங்குப்பம் பாலத்தில் ஏறியதும் சக்கரங்களின் ஓசை மாறிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு அதையே கேட்டேன். நான் பேச வந்திருக்கும் சகோதரர்களை ஒரு பாலத்து ஓசைதான் மீட்டெடுத்தது. 1975ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மயாமி நகரில் ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கடற்பாலம் ஒன்றைக் கடந்து காரில் போய்வந்தார் பேரி கிப். சக்கரம் எழுப்பிய தாளத்தில் பிறந்தது ‘ஜைவ் டாக்கின்’. கிப் சகோதரர்கள் மூவரின் பாட்டுக்குழுவான பீ ஜீஸ் அப்போது சரிந்து கிடந்தது. அந்தப் பாட்டோடு எழுந்தது.

பேரி மூத்தவர். ராபினும் மாரிஸும் இரட்டையர். பிரிட்டனுக்கு அருகே உள்ள மான் தீவில் பிறந்து, இங்கிலாந்தின் மான்செஸ்டரில் வளர்ந்து, 1958இல் பெற்றோரோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிய பிள்ளைகள். பிரிஸ்பேன் அருகே கார்ப் பந்தயத் திடலில் பாடி, கூட்டம் வீசிய சில்லறையைப் பொறுக்கியவர்கள்.

நம் கச்சேரியில் சகோதரர்கள் சேர்ந்து பாடினால் ஒரே ஸ்வரத்தில் கலந்து நிற்பார்கள். இவர்கள் ஒருவர் சட்ஜத்தில், ஒருவர் காந்தாரத்தில், ஒருவர் பஞ்சமத்தில் நிற்பதுபோல் பிரிந்து நின்றார்கள். கேட்பவருக்கு ஒரே தொண்டையாக ஒலித்தது. ஒரே வீட்டில், ஒரே பேச்சில் வளர்ந்த குரல்களுக்கு எழுத்தை எங்கே நீட்டுவது, எங்கே மூச்சு விடுவது என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

பேரியின் உச்சக் குரல் உலகத்துக்கே தெரியும். நம் ஆசிரியர்கள் கள்ளக்குரல் என்று தடுப்பார்களே, அதே குரல். அவர் அதை ஒளிக்காமல் பாடினார். ராபினின் நடுங்கும் குரலும் உடனே அடையாளம் தெரியும். மாரிஸை மட்டும் தனியாக யாரும் கேட்பதில்லை. என் மனம் அவரிடமே போகிறது. கீழ் ஸ்வரங்களை ஒலிக்கும் பேஸ் கிட்டாரும் பியானோவும் வாசித்துக்கொண்டு, மற்ற இருவரும் விட்ட இடைவெளியைத் தேடி அங்கே போய் நின்றவர் அவர். 1969இல் ராபின் மனத்தாங்கலோடு பிரிந்து, அடுத்த ஆண்டே திரும்பினார். 1977இல் ஒரு திரைப்படத்துக்காக எழுதிய பாடல்கள் அவர்களை உலகெங்கும் கொண்டுபோயின. அந்தக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான்.

2003 ஜனவரியில், 53 வயதில் மாரிஸ் இறந்தார். பீ ஜீஸ் என்ற பெயரில் இனிப் பாடுவதில்லை என்றார்கள் மற்ற இருவரும். குழுவைத் தாங்கியது எந்தக் குரல் என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டாம். 2012இல் ராபினும் போனார். பேரி தனியாக மேடையேறினார்.

இப்போது ‘ஹவ் டீப் இஸ் யுவர் லவ்’ பாட்டைப் போடச் சொல்கிறேன். பேரியின் குரல் முன்னால் வரும். அதைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, அடியில் நடக்கும் பேஸ் கிட்டாரைக் கேளுங்கள். அது மாரிஸ்.