அம்மாவின் 555 புத்தகம்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி அண்ணன் அவர்களே, நவராத்திரிப் பூசை முடிந்து கையில் சுண்டலோடு சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் அக்கா, அண்ணன்மார்களே, வணக்கம்.

"பக்தி வாழ்வில் காணும் சிறு அற்புதங்களை மனத்தோடு வைத்துக்கொள்வதா, எழுதி வைப்பதா?" இதுதான் தலைப்பு. நான் எழுதி வை என்கிற கட்சி.

அண்ணன் எழுந்ததும் ஒரே போடாகப் போட்டார்: கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர். கைதட்டலும் வாங்கிவிட்டார். சரி அண்ணே, மாணிக்கவாசகரை என்ன செய்வீர்கள்? அவர் சொல்லச் சொல்ல, முதியவர் வடிவில் வந்து ஏட்டில் எழுதிக்கொண்டவர் தில்லைக் கூத்தன், கடைசியில் 'திருச்சிற்றம்பலமுடையான் எழுத்து' என்று கையெழுத்தும் போட்டார் என்பதுதானே நம் மரபு? சாமியே ஓலையும் எழுத்தாணியுமாக உட்கார்ந்திருக்கிறார். நான் ஒரு பென்சில் எடுத்தால் குற்றமா?

அடுத்து, எழுத ஆரம்பித்தால் பக்தி கணக்குப்பிள்ளை வேலையாகிவிடும் என்றார். அங்கேதான் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். படிப்பு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு சரி. கடைக் கடன் எழுத நம் எல்லார் வீட்டிலும் கிடந்ததே, உள்ளங்கை அளவு 555 புத்தகம், அது அம்மாவிடம் இரண்டு இருந்தது. ஒன்று கடைக்காரருக்கு, இன்னொன்று மாரியாத்தாளுக்கு. ஆத்தா எங்களுக்குத் தர வேண்டியது என்று அதில் ஒரு வரி கிடையாது. நாங்கள் பட்ட கடன் மட்டும்தான். கணக்குத்தான் அண்ணே, யார் கடன்காரர் என்பதைப் பாருங்கள்.

ஒரு பக்கம் படிக்கிறேன். "விடிகாலை மழை. சீக்கிரம் விட்டது. பட்டை காய்ந்தது. இறங்கிவிட்டோம்." அவ்வளவுதான். இதில் அற்புதம் எங்கே என்று கேட்பீர்கள். சீவியவர்களைக் கேளுங்கள். ஈரப் பட்டையைச் சீவினால் பால் கோட்டில் இறங்கி மங்குக்கு, அந்தச் சின்னக் கிண்ணத்துக்கு, வராது, மரமெல்லாம் வழிந்து வீணாகும். காயட்டும் என்று காத்திருந்து வெயில் ஏறிவிட்டாலோ பால் ஓட்டம் குறைந்துவிடும். மழைக்கும் வெயிலுக்கும் நடுவில் இருக்கிற கொஞ்ச நேரத்தில்தான் எங்கள் வீட்டு அரிசி இருந்தது.

இப்போது பாம்புக் கதை. என் மாமா இதைக் கல்யாண வீடுதோறும் சொல்வார். அம்மா இருட்டில் மர நிரைக்குள் போகிறார், தலைவிளக்கு அணைகிறது, எதிரே பத்தடி நாகம், படம் எடுக்கிறது, அம்மாவைப் பார்த்துத் தலைவணங்குகிறது. போன வருடம் அதன் தலையில் மாணிக்கமும் ஏறிவிட்டது. புத்தகத்தில் என்ன இருக்கிறது? "விளக்கு அணைந்தது. நின்றேன். திரும்ப ஏற்றினேன். காலடியில் பாம்பு போனது. என் கை நீளம் இருக்கும்."

ஐயா, எழுதினால் அகந்தை வளரும் என்கிறார்கள். எழுதாத பாம்புதான் வளர்ந்திருக்கிறது! கை நீளத்தைக் கை நீளமாகவே வைத்திருந்தது அந்தப் புத்தகம்தான். விளக்கு அணைந்ததால் ஒரு பெண் நின்றாள், நின்றதால் பிழைத்தாள். எனக்கு அது போதும், மாணிக்கம் வேண்டாம்.

1995 செப்டம்பர் 21 நினைவிருக்கிறதா? பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று டில்லியில் கிளம்பிய செய்தி உலகத்தையே சுற்றி வந்தது. விஞ்ஞானிகள் பரப்பு இழுவிசை என்றார்கள். எங்கள் தோட்டத்திலும் கரண்டியும் கையுமாக வரிசை. அன்று இரவு அம்மா எழுதியது: "நானும் பால் கொடுத்தேன். குடித்ததா, வழிந்ததா, எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டக்கா அழுதார். புருசன் போன பிறகு இன்றுதான் அழுகிறார்." நடுவர் ஐயா, அற்புதத்தை அம்மா எந்த இடத்தில் பார்த்தார் என்று கவனியுங்கள்.

ஒன்றில் அண்ணனோடு நான் ஒத்துப்போகிறேன். காவடி வரும்போது ஆளாளுக்குக் கைப்பேசியைத் தூக்கிப் பிடிப்பது எனக்கும் பிடிக்காது. பின்னால் நிற்கிற கிழவிக்கு வேல் தெரியவில்லை, உங்கள் முழங்கைதான் தெரிகிறது. நான் அதற்கு வாதாட வரவில்லை. கும்பிடும் நேரத்தில் கும்பிடுங்கள், வீட்டுக்குப் போய் எழுதுங்கள்.

பலித்ததை மட்டும்தானே எழுதுவார்கள் என்று அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. இதோ: "தம்பிக்குக் காய்ச்சல். வேண்டிக்கொண்டேன். குறையவில்லை." அடுத்த நாள், "குறையவில்லை." மூன்றாம் நாள், தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் வந்தார்: "டிரெசர் ஊசி போட்டார். இறங்கியது. டிரெசருக்கு ஒரு சீப்பு வாழைப்பழம், ஆத்தாளுக்கு ஒரு சீப்பு." பலிக்காத வேண்டுதலை எந்த மாமாவாவது கல்யாண வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? "குறையவில்லை" என்று எழுதிய கை "இறங்கியது" என்று எழுதும்போதுதான் எனக்கு நம்பிக்கை வருகிறது.

அப்புறம் தோட்டம் கைமாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்தார்கள். ஆத்தாளை லாரியில் ஏற்றி வேறு இடத்துக்குக் கொண்டுவந்தோம். பழைய கோயில் எந்த இடம் என்று கேட்டால் என் பிள்ளைகளுக்குச் செம்பனை மரங்களைத்தான் காட்ட முடியும். மனத்தோடு வைத்துக்கொண்டவர்கள் பாதிப் பேர் மனத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டக்கா அழுத சேதி இந்தப் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது.

மணி அடித்துவிட்டீர்கள். இதோ முடித்துவிட்டேன். சான்றாக இந்தப் புத்தகத்தை உங்கள் மேசையில் வைக்கிறேன் ஐயா. தாள் உதிரும், மெதுவாகப் புரட்டுங்கள். தீர்ப்பு எப்படி இருந்தாலும் மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைசியில் பதினொரு பக்கம் காலியாக இருக்கிறது.