பூவுக்குள் ஒரு குளிர்காலம்

வணக்கம்.

வரும் வழியில் வாங்கிய சாமந்தி இது. பிய்க்கிறேன், பாருங்கள். ஒரே பூ என்று நாம் சொல்கிற இதிலிருந்து உதிரும் ஒவ்வொரு இதழும் தனித்தனிப் பூ, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு விதைக்கான இடம் இருக்கிறது. எல்லாம் உதிர்ந்தபின் மிஞ்சுகிற இந்தப் பச்சை மேடு இருக்கிறதே, இந்த மாதிரி ஒரு மேட்டுக்குள் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழிக்கிற ஒரு ஈயைப் பற்றித்தான் பேச வந்தேன்.

பழ ஈ என்றதும் மாம்பழத்தில் நெளியும் வெள்ளைப் புழுதான் நினைவுக்கு வரும். அதே குடும்பத்தில் பழத்தின் பக்கமே போகாதவையும் உண்டு. யூரோஃபோரா அஃபினிஸ் அப்படி ஒன்று. வீட்டு ஈயைவிடச் சிறியது. ஐரோப்பாவின் நேப்வீட் என்னும் ஊதாப்பூச் செடிதான் அதற்கு வீடும் சாப்பாடும்.

கோடைத் தொடக்கத்தில், மொட்டு விரியுமுன், பெண் ஈ வந்து உட்கார்ந்து வால்நுனிக் குழலை மொட்டுச் செதில்களுக்கு இடையே நுழைத்து முட்டையிடும். சில நாளில் பொரிந்த புழு, சிறுபூ ஒன்றின் வழியாகக் கீழே இறங்கி அடிமேட்டைக் குடையும். அப்போது செடி அந்தப் புழுவைச் சுற்றிக் கட்டை போன்ற கெட்டி முடிச்சு ஒன்றை வளர்க்கிறது! நெல்லில் ஆனைக்கொம்பன் வந்தால் குருத்து வெங்காயத்தாள் மாதிரிக் குழலாகிவிடும், நம் விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். அதே கதைதான் இங்கேயும். விதைக்குப் போக வேண்டிய சத்தெல்லாம் முடிச்சுக்குப் போய்விடும்.

இலையுதிர்காலம் வந்து செடி காய்ந்துவிடும். புழு அந்தக் காய்ந்த பூந்தலைக்குள்ளேயே, மேலே பனி கொட்டிக்கொண்டிருக்க, குளிர்காலம் முழுக்கக் கிடக்கும். வசந்தத்தில்தான் கூட்டுப்புழு. அப்புறம் ஈ வெளியே வரும் விதத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. நெற்றியில் சிறு பை ஒன்று பலூன் மாதிரி உப்பி, கூட்டின் மூடியை உடைத்துத் திறக்கும். வேலை முடிந்ததும் பை தலைக்குள் சுருங்கிப்போகும், பிறகு அதற்கு வேலையே இல்லை.

சரி, இந்த ஈ அமெரிக்காவுக்கு ஏன் போனது? 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட அமெரிக்காவில் கால்வைத்த நேப்வீட், அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துப் பக்க மேய்ச்சல் நிலங்களை வளைத்துக்கொண்டது. விதையைக் குறைக்கலாம் என்று 1970இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும், அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவிலும் ஈயை விட்டார்கள். வேறு பயிரைத் தொடாது என்று சோதித்துப் பார்த்துத்தான் விட்டார்கள், அது சொன்ன சொல் தவறவும் இல்லை. விதை நன்றாகவே குறைந்தது. ஆனாலும் செடி அழியவில்லை, ஈ மட்டும் கோடிக்கணக்கில் பெருகியது.

இந்த ஈ எதைத் தின்னும் என்று பார்த்தவர்கள், இதை யார் தின்பார்கள் என்றும் பார்த்திருக்க வேண்டும். மொன்டானாவின் காட்டெலிகளுக்கு, வேறு தீனி அகப்படாத குளிர்காலத்தில், காய்ந்த பூந்தலை ஒவ்வொன்றும் கொழுத்த புழு வைத்த டப்பா ஆகிவிட்டது. ஒரே இரவில் ஒரு எலி இருநூறு புழுவுக்கு மேல் தின்றதை ஆய்வாளர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். எலிகள் பெருகின. அவை சுமக்கும் ஹான்டா வைரஸ் மனிதரைக் கொல்லக்கூடியது. நேப்வீட் மண்டிய இடங்களில் அந்த வைரஸ் தொற்றிய எலிகளும் அதிகம் என்று 2006இல் ஓர் ஆய்வு வந்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஈ மீது ஒரு குற்றமும் சொல்ல முடியாது, அது செய்ததெல்லாம் குளிருக்கு ஒரு பூவுக்குள் ஒடுங்கியதுதான்.

1990களில் அதே செடிக்காகக் கூன்வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றின் புழுவும் பூந்தலைக்குள் இருந்துகொண்டு விதையைத் தின்னும், குறுக்கே ஈயின் புழு அகப்பட்டால் அதையும் தின்றுவிடும். ஆனால் பனி விழுமுன் வண்டாகி வெளியேறி மண்ணுக்குப் போய்விடும். அப்படிப்பட்ட தலையை எலி கடித்துப் பார்த்தால், உள்ளே யாரும் இருப்பதில்லை.