ஒன்பதாவது ட்ரே, ஒரே ஒரு கோரைப்பல், என் தூக்கம் போச்சு!

வணக்கம் மக்களே! 'ஸ', 'ஷ' எல்லாம் கொஞ்சம் வழுக்கும், பொறுத்துக்கோங்க. நேத்து ராத்திரிதான் ஒன்பதாவது அலைனர் ட்ரேவ மாட்டினேன். அதான், பல்ல நேராக்க ஒண்ணு மாத்தி ஒண்ணா போடுற பிளாஸ்டிக் உறை. இருங்க, கேமராவக் கிட்ட கொண்டு வர்றேன். இந்த மேல் கோரைப்பல் நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவுல ஒரு சந்து தெரியுதா? மயிரிழை அளவுதான். ராத்திரி மூணு தடவ எந்திரிச்சு கண்ணாடில பார்த்தேன், அப்படியே இருக்கு!

இதுக்குப் போயா அலட்டிக்கறேன்னு நினைக்காதீங்க. இந்த ட்ரே என் பல்லோட இன்னிக்கு வடிவம் இல்ல. ஒரு வாரம், ரெண்டு வாரம் கழிச்சு பல்லு எங்க நிக்கணுமோ அந்த வடிவம். ஒரு ட்ரேக்கு அதிகமாப் போனா கால் மில்லிமீட்டர் வித்தியாசம் வைப்பாங்க. பல்லு இங்க, குழி அங்க. பிளாஸ்டிக் வளைஞ்சு கொடுத்து உட்காரும், உட்கார்ந்ததும் தன் சொந்த வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். மாட்டினதும் 'விண்'ணுனு இறுக்குதே, அது அதான். சந்து இருந்தா அந்தப் பல்ல ட்ரே சரியாப் பிடிக்கலன்னு அர்த்தம். பிடிக்காம எங்கருந்து தள்ளும்?

பல்லு எலும்புல சிமெண்ட் வச்சுப் பூசினதில்ல. வேரைச் சுத்தி சுமார் 0.2 மில்லிமீட்டர்ல ஒரு நார்ப்படலம் இருக்கு. தள்ளுற பக்கம் அது நசுங்கும், அங்க செல்கள் வந்து எலும்பைக் கரைக்கும். எதிர்ப்பக்கம் அது இழுபடும், அங்க புது எலும்பு வளரும். மெதுவா நடக்குற வேலை, அவசரப்படுத்த முடியாது.

கோரைப்பல்ல மட்டும் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. உருண்டையா இருக்கும். அதைத் திருப்பறது எண்ணெய்க் கையால பாட்டில் மூடி திருகற கதை. அதுக்குத்தான் பல்லு கலர்லயே ஒரு சின்ன மேடு ஒட்டி, லைட் காட்டி இறுக வச்சிருக்காங்க. அட்டாச்மென்ட். ட்ரே பிடிக்க ஒரு கைப்பிடி மாதிரி. பழைய வீடியோல அதைக் கண்டபடி திட்டினேன்ல? வாபஸ் வாங்கிக்கறேன்.

ஐயோ, முக்கியமானத விட்டுட்டேன். திட்டாதீங்க. எட்டாவது ட்ரேய ரெண்டு நாள் பாதி நேரம் கழட்டி டப்பாலயே வச்சிருந்தேன். ஷூட்ல பேச்சு குழறுதுன்னு. ஒரு நாளைக்கு 22 மணி நேரம் போடணும்னு உங்களுக்கு நானே பாடம் எடுத்தேன், தெரியும்! எட்டு முடிக்காத வேலையும் சேர்ந்து ஒன்பது தலைல விழுந்திருக்கு. டாக்டர்கிட்ட ஒத்துக்கிட்டேன். ஒன்பதையே கூடுதலா ஒரு வாரம் போடச் சொல்லிட்டாங்க.

இதோ ச்சூயி, கடிக்கிற ரப்பர் உருளை. இந்தப் பல்லுக்கு நேரா வச்சு... ம்ம்... இன்னொரு கடி... 'டக்'!

கேட்டுச்சா? மைக்ல விழுந்துச்சா? பாருங்க, சந்து பாதியாயிடுச்சு! மூணு தடவ எந்திரிச்சதுக்குப் பதிலா ராத்திரியே இதக் கடிச்சிருக்கலாம்.