தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

நேயர்களுக்கு வணக்கம்.

உதவியோடு வாழும் முதியோர் குடியிருப்புகளின் நிறைகுறைகளைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். 34 வருஷம் செவிலியராக இருந்தவள் நான். கடைசிப் பத்து வருஷம், அப்படிப்பட்ட குடியிருப்புகளில் சேர வருகிற பெரியவர்களைப் பார்த்து, யாருக்கு எவ்வளவு உதவி தேவைப்படும் என்று கணக்கெடுத்து எழுதித் தருவதுதான் வேலை.

அந்தக் காலத்தில் வந்த ஒரு அம்மாவை மறக்க முடியாது. வயது 83. மகள் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அறையைக் காட்டினோம். மகள் ஜன்னலைப் பார்த்தார், கட்டிலின் உயரத்தைப் பார்த்தார், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று பார்த்தார். அம்மா எதையும் பார்க்கவில்லை. எங்களையெல்லாம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, உள்ளேயிருந்து கதவைத் தாழிட்டுப் பார்த்தார். இரண்டு தடவை. அப்புறம் திறந்து, "சரி, இருக்கேன்" என்றார்.

இந்த வகைக் குடியிருப்பு பிறந்ததில் தாழ்ப்பாளுக்கும் ஒரு பங்கு உண்டு. அமெரிக்காவில் கெரன் பிரவுன் வில்சன் என்று ஒரு பெண்மணி. அவருடைய தாயாருக்கு ஐம்பத்தைந்து வயதிலேயே பக்கவாதம் வந்து, பராமரிப்பு இல்லங்களில் காலம் தள்ள வேண்டியதாயிற்று. எப்போது எழுவது, எப்போது சாப்பிடுவது, அறையில் கூட யார் இருப்பது, எல்லாம் அடுத்தவர் முடிவு. பூட்டிக்கொள்ளத் தனக்கென்று ஒரு கதவு இல்லையே என்பது அந்தத் தாயின் குறைகளில் ஒன்று. மகள் முதுமையியல் படித்து, 1983இல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் ஒரு குடியிருப்பைத் தொடங்கினார். ஒவ்வொருவருக்கும் தனி வீடு, பூட்டிக்கொள்ளக் கதவு, சின்னதாகச் சமையலுக்கு ஓர் இடம், கூப்பிட்டால் வர ஆள். உடம்பு முடியாதவர்களைப் பூட்டிய அறையில் தனியாக விடலாமா என்று அப்போது பலருக்குப் பயம். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. இப்போது ஒப்பந்தப் பத்திரத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சொந்த வீட்டுக்கும், செவிலியர் எந்நேரமும் இருக்கும் மருத்துவப் பராமரிப்பு இல்லத்துக்கும் நடுவில் இருப்பது இது. இதன் நல்லது எல்லாம் அந்த நடுவில் இருப்பதால் வருகிறது. கெட்டதும் அங்கிருந்துதான் வருகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

நாங்கள் கணக்கெடுக்க இரண்டு பட்டியல் வைத்திருப்போம். ஒன்று, சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரும் கூட இருந்தவர்களும் 1963இல் வெளியிட்டது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீரையும் மலத்தையும் அடக்கி வைத்துக்கொள்வது, தானே சாப்பிடுவது என்று ஆறு. இன்னொன்று 1969இல் லாட்டனும் பிராடியும் தந்தது. தொலைபேசி, கடைக்குப் போவது, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, வெளியே போய்வருவது, மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்வது, பணக் கணக்கு என்று எட்டு. முதுமை பெரும்பாலும் இந்த எட்டில்தான் முதலில் கை வைக்கும். அப்புறம் ஆறுக்கு வரும். எட்டில் தடுமாறி, ஆறில் ஒன்றிரண்டுக்கு மட்டும் கை தேவைப்படுகிறவருக்குத்தான் இந்தக் குடியிருப்பு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆறில் நான்கு போய்விட்டால் சட்டை பத்தாது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். மருந்து சரியான வேளைக்குப் போகும். விழுந்தால் பார்க்க ஆள் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில், தற்செயலான காயங்களால் நேரும் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் விழுவதற்கு. அதிலும் அதிகம் சாவது 60 வயதைத் தாண்டியவர்கள். ஆகவே வழுக்காத தரையும் கைப்பிடிக் கம்பியும் அழைப்பு மணியும் சின்ன விஷயம் இல்லை. ஆனால் இதையெல்லாம் எந்தக் குடியிருப்பின் விளம்பரத் தாளிலும் படித்துக்கொள்ளலாம். தாளில் வராத ஒரு நன்மையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தந்தையை இரண்டு வருஷம் தானே குளிப்பாட்டிய ஒரு மகன். தங்கமான பிள்ளை. ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் அப்பாவும் பிள்ளையும் பேசியதெல்லாம் மாத்திரை, மலம், டாக்டர். மகனுக்கு அப்பாமேல் எரிச்சல். எரிச்சல் வந்ததே என்று தன்மேல் வெறுப்பு. பெற்ற பிள்ளை முன்னால் துணியில்லாமல் நிற்க வேண்டியிருக்கிறதே என்று அவருக்குக் கூச்சம். அந்தக் கூச்சம் கோபமாக வெளியே வரும். குடியிருப்பில் சேர்ந்த பிறகு குளிப்பாட்டுவது வேறொருவர் வேலையாகிவிட்டது. மகன் சாயங்காலம் வருவார், சதுரங்கப் பலகையை எடுத்துப் போடுவார்கள். ஒருநாள் அப்பா ஜெயித்துவிட்டு, "ரெண்டு வருஷமா என்னைத் தேய்ச்ச, இப்ப நான் உன்னைத் தேய்க்கிறேன்" என்றார். சம்பளத்துக்கு வருகிற கை பெற்ற பிள்ளையின் கையைவிட அன்பானது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கையிடம் கூச்சப்பட வேண்டியதில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவில் ஓர் உறவு பிழைத்துக்கொள்கிறது.

துணை கிடைக்கும் என்கிறார்களே, அதை மட்டும் பாதிதான் நம்புவேன். கூட்டம் வேறு, துணை வேறு. நாற்பது பேர் சாப்பிடும் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் வீட்டில் தனியாக இருப்பவரைவிடப் பரிதாபமாக இருக்கும். வந்த புதிதில் யார் பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து எவ்வளவோ மாறிப்போகும். காது மந்தமானவர் பக்கத்தில் காது மந்தமானவரை உட்காரவைத்துவிட்டு, இரண்டு பேரும் பேசிக்கொள்வதே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்ட மேலாளரையும் பார்த்திருக்கிறேன்.

இனி அந்த மறுபக்கம்.

பகலில் பார்த்தால் இந்தக் குடியிருப்புகள் எல்லாமே நன்றாக இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்குத்தான் ஒரு குடியிருப்பின் லட்சணம் தெரியும். பகலில் பத்துப் பேர் இருக்கும் இடத்தில் ராத்திரி ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். முதியவர்கள் கழிப்பறைக்கு எழுந்து தடுமாறுவது அந்த நேரத்தில்தான். மணி அடித்தால் ஆள் வருவார், எத்தனை நிமிஷத்தில் வருவார் என்பதுதான் கேள்வி. அடுத்த அறையில் ஒருவரைத் தூக்கி உட்காரவைத்துக்கொண்டிருக்கும் கை இங்கே எப்படி வரும்? பல இடங்களில் ராத்திரி செவிலியரே இருக்கமாட்டார். பயிற்சி பெற்ற உதவியாளர்தான். அவரால் கூப்பிட முடியும், கூட உட்கார முடியும். மருத்துவம் பார்க்க முடியாது.

ஆள் மாறிக்கொண்டே இருப்பது இன்னொரு குறை. வேலை கடினம், சம்பளம் குறைவு, ஆகவே உதவியாளர்கள் நிலைப்பதில்லை. எந்தத் தோள்பட்டை வலிக்கும், சட்டையின் எந்தக் கையை முதலில் மாட்ட வேண்டும் என்பதைப் பழகின ஆளுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. புது ஆளுக்குத் தினமும் சொல்ல வேண்டும். நினைவு தடுமாறுகிறவரால் அதையும் சொல்ல முடியாது.

அப்புறம், பாதுகாப்பு என்ற பெயரில் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும் சுதந்திரம். வெந்நீர் கெட்டில் கூடாது, விழுந்துவிடுவீர்கள், தனியாக வெளியே போகாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருக்கும். மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் அந்த மனிதருக்குத் தானாக முடிவு செய்ய ஒன்றுமே மிஞ்சியிருக்காது. 1976இல் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த ஆய்வை எங்கள் துறையில் அடிக்கடி சொல்வார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது, பொழுதை எப்படிக் கழிப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு என்று சொல்லி, செடியைக் கொடுத்து வளர்க்கச் சொன்னார்கள். இன்னொரு மாடியில் இருந்தவர்களுக்கும் செடி உண்டு, ஆனால் எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். தண்ணீர் ஊற்றுவதும் பணியாளர்தான். மூன்றே வாரத்தில் முதலில் சொன்ன மாடிக்காரர்கள் கூடுதல் சுறுசுறுப்பாக, கூடுதல் மகிழ்ச்சியாக இருந்தது தெரிந்தது. "எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற வரி விளம்பரத்தில் வந்தால் எனக்கு இப்போதெல்லாம் கொஞ்சம் திக்கென்றிருக்கும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் சொல்லும் மாதக் கட்டணம் பல இடங்களில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் மட்டும். உதவிக்குத் தனி நிலைகள் உண்டு. குளிக்க ஆள் வந்தால் ஒரு நிலை, கழிப்பறைக்கும் ஆள் வந்தால் அதற்கு மேல் ஒரு நிலை. உடம்பு தளரத் தளரக் கட்டணம் ஏறும். முதல் மாதக் கட்டணத்தை வைத்துக் குடும்பம் கணக்குப் போடும். மூன்றாவது வருஷக் கட்டணம் என்னவாக இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வெளியே போகும் பக்கத்தில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு விதி இருக்கும்: இன்னின்ன நிலை வந்தால் இங்கே வைத்துக்கொள்ள மாட்டோம். ஒருவரைத் தூக்க இரண்டு பேர் தேவைப்பட்டால், இரவில் கட்டுப்படுத்த முடியாமல் அலைந்தால், குழாய் வழியாக உணவு என்றால். அவர்களைத் திட்டிப் பயனில்லை. அதற்கான ஆளும் அனுமதியும் அவர்களிடம் இல்லை. ஆனால் குடும்பம் என்ன நினைத்துக்கொண்டு வருகிறது? கடைசிவரை இங்கேதான் என்று. ஒரு மனிதர் இருந்த இடத்தை விட்டு வேறிடம் மாறும்போது வரும் குழப்பத்துக்கும் மனச்சோர்வுக்கும் செவிலியர் நோயறிதல் பட்டியலில் 1992 முதல் தனிப்பெயரே உண்டு. அந்த இடமாற்றத்தை ஒருவருக்கு இரண்டு தடவை கொடுப்பது, அதுவும் இரண்டாவது தடவை அவர் இன்னும் தளர்ந்திருக்கும்போது கொடுப்பது, நான் பார்த்ததிலேயே கடினமான விஷயம்.

முதலில் சொன்னேனே, தாழ்ப்பாள் போட்டுப் பார்த்த அம்மா. இரண்டரை வருஷம் சந்தோஷமாக இருந்தார். பிறகு மறதி முற்றியது. பொழுது சாய்ந்தால் பதற்றம் கூடும், பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பார். ஒரு ராத்திரி வாசல்வரை போய்விட்டார். நினைவிழப்பு உள்ளவர்களுக்கென்று இருந்த தனிப் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே கதவுக்குப் பூட்டு உண்டு, வெளிப்பக்கத்தில். மாற்றலாம் என்று எழுதித் தந்தவர்களில் நானும் ஒருத்தி. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு குறை சொன்னதால் இது வேண்டாம் என்கிறேனா? இல்லை. எடை போடும்போது தராசின் மறு தட்டில் எதை வைக்கிறீர்கள் என்று பாருங்கள் என்கிறேன். பலர் அங்கே நினைவில் இருக்கும் வீட்டை வைக்கிறார்கள். கலகலப்பான வீடு, எந்நேரமும் யாராவது இருக்கிற வீடு. இன்றைக்கு இருக்கும் வீட்டை வையுங்கள். பகல் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீடு, முதுகு வலியோடு மாமனாரைத் தூக்கும் மருமகள், விழுந்தால் சாயங்காலம் வரை தரையிலேயே கிடக்க வேண்டிய குளியலறை. சிலருக்கு அப்படி வைத்த பிறகும் வீட்டுத் தட்டுதான் தாழும். அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும். பகலுக்கு ஓர் ஆள் வைத்துக்கொள்ளட்டும். சிலருக்கு அந்த நிமிஷமே விடை தெரிந்துவிடும்.

பார்க்கப் போகிறவர்கள் சொல்லாமல் போங்கள், விடுமுறை நாள் சாயங்காலம் போங்கள். வரவேற்பறையில் உட்காராமல் நடைபாதையில் நின்று, மணி அடித்த அறைக்கு ஆள் எப்போது வருகிறார் என்று கடிகாரத்தைப் பாருங்கள். ராத்திரி எத்தனை பேர், அதில் செவிலியர் உண்டா என்று கேளுங்கள். போன வருஷம் எத்தனை பேர் இங்கிருந்து போனார்கள், ஏன் போனார்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு மேலாளரின் முகம் எப்படி மாறுகிறது என்பதும் ஒரு பதில்தான். ஒரு மாதம் தங்கிப் பார்க்க விடுவார்களா என்று விசாரியுங்கள். முக்கியமாக, போய் இருக்கப் போகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எனக்கு இப்போது 72 வயது. மூன்று மாதத்துக்கு முன்னால் என் மகனோடு ஓர் இடம் பார்க்கப் போனேன். அந்த மேலாளர் நல்ல மனிதர், மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் பேசியது முழுக்க என் மகனிடம். "அம்மா படி ஏறுவாங்களா? அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் வருமா?" என்று அவனைக் கேட்கிறார், நான் அவர் எதிரிலேயே நிற்கிறேன். அவன், "அம்மாகிட்டயே கேளுங்க சார்" என்றான். அவர் திரும்பிப் பார்த்தபோது நான் அங்கே இல்லை. அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நல்ல தாழ்ப்பாள்தான். இன்னும் முடிவு செய்யவில்லை. ஒப்பந்தப் பத்திரத்தை வாங்கி வந்திருக்கிறேன், இருபத்திரண்டு பக்கம். வெளியே அனுப்பும் விதிகள் கடைசியில் இருக்கின்றன. அங்கிருந்து முதல் பக்கத்தை நோக்கிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

வணக்கம்.