பிரெஞ்சுப் பாத்திரத்துக்கு என்ன பெயர் வைப்பது?

மேடையில் உள்ள பெரியோர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

கதை எழுதுகிறவர்கள் நிறைந்த அரங்கு என்று சொன்னார்கள். ஆகவே நேரே தொழில் விஷயத்துக்கு வருகிறேன். நம் கதைகளில் வரும் பிரெஞ்சுக்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம், அந்த நாட்டில் சாதாரண ஜனங்களே கிடையாதோ என்று எனக்குத் தோன்றும். கப்பல் தலைவன், பாதிரியார், நெசவாளரிடம் பேரம் பேசும் வியாபாரி, எல்லோருக்கும் பெயருக்கு நடுவில் ஒரு 'தெ'. கேட்டால், "பிரெஞ்சு வாசனை வர வேண்டாமா?" என்கிறார்கள்.

'தெ' இருந்தால் பிரபு வம்சம் என்று ஒரு நினைப்பு. உண்மையில் இன்ன ஊர்க்காரன், இன்ன இடத்தான் என்பதைத்தான் அந்தத் 'தெ' சொல்கிறது. குடியானவனுக்கும் அது உண்டு; அது இல்லாத பழைய பிரபுக் குடும்பங்களும் உண்டு. நாவலாசிரியர் பால்சாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய தந்தை விவசாயக் குடும்பத்தில் பால்ஸ்ஸா என்ற பெயரோடு பிறந்தவர். பாரிசுக்கு வந்து உயர்ந்ததும் அதைப் பால்சாக் ஆக்கிக்கொண்டார். பிறகு 'தெ'யும் வந்து ஒட்டிக்கொண்டது. நீங்களும் உங்கள் பாத்திரத்துக்குத் 'தெ' வையுங்கள், ஆட்சேபம் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டது அவனா, அவன் அப்பனா, எதற்காக என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது இதுதான். பிரெஞ்சுக் குடும்பப் பெயர் தேடும்போது ஓசையையும் பொருளையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பெயரை முதலில் காகிதத்தில் எழுதியவர் யார் என்று கேளுங்கள். 1539இல் முதலாம் பிரான்சுவா மன்னர் பிறப்பித்த ஆணை, ஞானஸ்நானப் பதிவேட்டைப் பங்குக் குருமார் வைத்திருக்க வேண்டும் என்றது. புரட்சிக் காலத்தில், 1792இல், அந்த வேலை நகராட்சியின் கைக்குப் போனது. 1794இல் வந்த சட்டம், பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று கட்டிப்போட்டது. ஒருவர் தம் காதில் விழுந்ததை எழுதினார். அது பரம்பரைக்கும் நிலைத்துவிட்டது. லெஃபேவ்ர் என்ற பெயரில் உச்சரிக்கப்படாத ஒரு 'ப' உட்கார்ந்திருக்கிறது. இலத்தீன் படித்த எழுத்தர்களின் கைவேலை அது.

லெஃபேவ்ர் என்றால் கொல்லன். வடக்கே அப்படி. தெற்கே, புரோவான்ஸ், லாங்தோக் பக்கம் போனால் அதே கொல்லன் ஃபாப்ர் ஆகிறான், அல்லது ஃபோர். பிரான்சின் மேற்குக் கோடியில் உள்ள பிரித்தானி மாநிலத்தில் லெ கோஃப். ஜெர்மன் எல்லையை ஒட்டிய அல்சாசில் ஷ்மித். எல்லாமே பிரெஞ்சுப் பெயர்கள்தாம், எல்லோரும் இரும்படித்த வம்சம்தான். ஆனால் தெற்கே மர்செய் துறைமுகத்தில் மீன் விற்கும் கிழவிக்குப் பரம்பரையாக அந்த ஊர் என்று எழுதிவிட்டு லெ கோஃப் என்று பெயர் வைத்தால், பிரெஞ்சு வாசகர் புருவத்தை உயர்த்துவார். அவள் தாத்தா பிரித்தானியிலிருந்து ஏன் வந்தார்? பதில் உங்களிடம் இருந்தால் அதுவே இன்னொரு கதை. இல்லையென்றால் அது பிழை. பாஸ்க் நாட்டிலோ வீட்டின் பெயரே ஆளின் பெயர். எச்செவெரி என்றால் புது வீடு.

எந்த ஊர் என்றே தீர்மானிக்காதவர்களுக்கு மார்தேன் இருக்கிறது. நாட்டிலேயே அதிகம் பேருக்கு உள்ள குடும்பப் பெயர் அது. சோம்பேறித்தனமான தேர்வுதான், ஆனால் தப்பு வராது.

எழுதியவர் யார் என்ற கேள்வி மிகக் கொடூரமாக ஒலிப்பது பிரான்ஸ் ஆண்ட கடல் கடந்த தீவுகளில். 1848 ஏப்ரலில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அதுவரை ஒற்றைப் பெயரோடும் எண்ணோடும் ஏட்டில் இருந்த மனிதர்கள் திடீரென்று குடிமக்கள் ஆனார்கள். குடிமகனுக்குக் குடும்பப் பெயர் வேண்டும். மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் ரெயூனியனிலும் அதிகாரிகள் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் பெயர்களை உற்பத்தி செய்தார்கள். எழுத்துகளை மாற்றிப் போட்டுச் செய்த பெயர்களும் உண்டு, கேலிக்காக வைத்தவையும் உண்டு. மார்த்தினிக் பெண்ணொருத்தியை உங்கள் நாவலில் கொண்டுவருவதானால், இந்த மேசையை ஒரு முறையாவது மனத்தில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அதே தீவுகளுக்குப் பிற்பாடு ஒப்பந்தக் கூலிகளாக நம் ஜனங்களும் போனார்கள். அங்கே அப்பாவின் பெயரே குடும்பப் பெயராக உறைந்தது. ராமசாமி, முத்துசாமி, வீரப்பிள்ளை எல்லாம் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இன்று பிரெஞ்சுக் குடும்பப் பெயர்கள். குவாதலூப்பின் முத்துசாமி ஒருவர் பாரிஸ் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்திருக்கிறார். உங்கள் பிரெஞ்சுப் பாத்திரத்துக்கு முத்துசாமி என்று ஏன் பெயர் வைக்கக் கூடாது?

புதுச்சேரியில் நடந்தது நேர்மாறு. 1881 செப்டம்பரில் வந்த ஆணை, இந்துச் சட்டம் முதலான சொந்தச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்பவர்கள் குடும்பப் பெயர் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை லபோர்த் என்று வைத்துக்கொண்டார். கதவு, வாசல் என்று பொருள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பியக் காலணியோடு நீதிமன்றத்துக்குள் வந்தார் என்று தடுக்கப்பட்டவர் அவர். அப்படிப்பட்டவர் தமக்குத் தாமே வாசல் என்று பெயரிட்டுக்கொள்கிறார்! எந்த நாவலாசிரியனுக்கும் இப்படித் தோன்றியிருக்காது. பிரெஞ்சுப் பெயரைத் தாமே தேர்ந்தெடுத்த தமிழர்கள் நிஜத்திலேயே இருந்தார்கள் என்பதை நம் எழுத்தாளர்கள் இன்னும் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது என் மனக்குறை.

பெண் பாத்திரம் பற்றிச் சிலர் முன்பே கேட்டீர்கள். திருமணமானாலும் பிறந்த வீட்டுப் பெயர்தான் அவளுடைய சட்டப் பெயர். கணவன் பெயர் புழக்கத்துக்கு. 2005 முதல் பிறந்த குழந்தைக்குத் தாயின் பெயரும் வைக்கலாம்.

தேடும் முறைக்கு வருகிறேன். பால்சாக் தம் நண்பர் கோஸ்லானை இழுத்துக்கொண்டு பாரிஸ் தெருக்களில் கடைப் பலகைகளைப் படித்தபடி அலைந்தாராம். கடைசியில் 'மார்கா' என்ற பலகையைக் கண்டு குதித்தார். அந்தப் பெயருக்கு உரியவர் தையற்காரர் என்று கோஸ்லான் எழுதிவைத்திருக்கிறார். இன்னொரு நாவலாசிரியரான ஸோலாவுக்கு அலையும் பொறுமை கிடையாது. முகவரிப் புத்தகத்தைப் புரட்டுவார். 1882இல் அவருடைய தொடர்கதை பத்திரிகையில் வந்துகொண்டிருந்தபோது, துவெர்தி என்ற நீதிமன்ற அதிகாரி பாத்திரம் வந்தது. பாரிசில் அதே பெயரில் நிஜமாகவே ஒரு வழக்கறிஞர் இருந்தார். வழக்குப் போட்டார், வென்றார். ஸோலா கோபத்தோடு அந்த இடத்தில் 'மூன்று நட்சத்திரம்' என்று போட்டார். புத்தகமாக வந்தபோது துவேரியே ஆனது.

ஆகவே பெயர் கிடைத்ததும், அதே ஊரில் அதே தொழிலில் அந்தப் பெயரோடு யாராவது இருக்கிறாரா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால் உங்கள் வழக்கறிஞரை மாட்டு வைத்தியராக மாற்றிவிடுங்கள்.